வீரியம் கூடிய வைரஸா? யாருக்கு?

தமிழ்நாட்டின் கொரோனாக் கணக்கிலிருந்து இரண்டு நாள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஏறத்தாழ 36,000 பேருக்குத் தொற்று உறுதியானது. அன்றைய அரசு அறிக்கையில் இறந்தவர்கள் 460க்கும் மேல். எட்டு மாதம் கழித்து 2022 ஜனவரி 22 அன்று தொற்று 30,000ஐத் தாண்டியது, இறப்பு 40க்குள் நின்றது. முதலாவது டெல்டா அலையின் உச்சம். இரண்டாவது ஒமைக்ரான் அலையின் உச்சம்.

இதைப் பார்த்து எல்லோரும் வந்த முடிவு ஒன்றுதான்: டெல்டா கொடூரம், ஒமைக்ரான் சாது. டிவியில் சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள், சில டாக்டர்களும் சொன்னார்கள். பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதில் பாதி விஷயம் விடுபட்டுப்போகிறது. அந்தப் பாதியைக் கணக்கில் எடுக்காத ஒரு பணக்கார நகரம் அடுத்த சில வாரங்களில் ஆயிரக்கணக்கான முதியவர்களைப் பறிகொடுத்தது. அது எப்படி நடந்தது என்று பிறகு பார்ப்போம்.

பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் ஒரு வருடம் எகிறினால், வினாத்தாள் எளிது என்று உடனே முடிவு கட்ட முடியாது. எழுதியவர்கள் யார், அதே பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை எழுதிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். வைரஸ் விஷயமும் இதேதான். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பத்தில் ஒருவர்கூட முதல் ஊசி போட்டிருக்கவில்லை. அலை வடிந்த பிறகு, ஜூலையில் அரசு நடத்திய ரத்தப் பரிசோதனை ஆய்வில் 66 சதவீதம் பேரிடம், தொற்றோ ஊசியோ உடம்பில் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. அதிலும் மாவட்டத்துக்கு மாவட்டம் வித்தியாசம்: விருதுநகரில் 84 சதவீதம், ஈரோட்டில் 37. அதற்குப் பிறகு ஊசி முகாம்கள் வேகமெடுத்தன. ஜனவரி வருவதற்குள் 18 வயதைத் தாண்டியவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் ஒரு ஊசியாவது போட்டிருந்தார்கள். மே மாதம் டெல்டா பார்த்த தமிழ்நாடு வேறு, ஜனவரியில் ஒமைக்ரான் பார்த்த தமிழ்நாடு வேறு.

சொல்லச் சங்கடமான இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் கொரோனா வந்தாலும் தாங்க முடியாத நிலையில் இருந்த பலர் இரண்டாவது அலையிலேயே போய்விட்டார்கள். மூன்றாவது அலையின் புள்ளிவிவரத்தில் அவர்கள் இல்லை.

எண்ணும் முறையிலும் சிக்கல் இருந்தது. மூச்சுத்திணறலோடு வந்தவருக்கும் ஸ்வாப் எடுத்தார்கள். பிரசவத்துக்கு வந்தவருக்கும், கால் உடைந்து வந்தவருக்கும் எடுத்தார்கள். ஊரெங்கும் தொற்று இருக்கும்போது இவர்களிலும் பலருக்கு பாசிட்டிவ் வரத்தான் செய்யும். 2021 டிசம்பர் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் ஸ்டீவ் பிகோ மருத்துவமனையில் கொரோனா வார்டைச் சுற்றிவந்த டாக்டர்கள் முதலில் கவனித்ததே இதைத்தான். வார்டில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஆக்சிஜன் தேவைப்படவில்லை. முந்தைய அலைகளில் அதே வார்டில் ஆக்சிஜன் இல்லாத கட்டிலைப் பார்ப்பதே அபூர்வம். வேறு காரணத்துக்காகச் சேர்ந்தவர்களுக்குத் தொற்று தற்செயலாகத் தெரியவந்திருந்தது. இவர்களையும் கொரோனா நோயாளி என்றே பதிந்தால், நோய் எவ்வளவு கடுமை என்ற கணக்கு குழம்பிப்போகும்.

அப்படியானால் வைரஸின் பங்கு எது, மக்களிடம் ஏற்கெனவே இருந்த எதிர்ப்பின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். ஒரே ஊர், ஒரே வாரம், ஒரே வயது, ஒரே தடுப்பூசி நிலை கொண்ட இரண்டு பேரை எடுத்து, ஒருவருக்கு டெல்டா, மற்றவருக்கு ஒமைக்ரான் வந்தால் என்ன ஆகிறது என்று ஒப்பிட வேண்டும். இரண்டு வகையும் சேர்ந்தே சுற்றிய காலம் சில வாரங்கள்தான். இங்கிலாந்தில் அந்த வாரங்களில் தொற்று உறுதியான 15 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு இந்த வேலையைச் செய்தார்கள். ஒமைக்ரான் வந்தவர் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு டெல்டாவைவிட சுமார் 60 சதவீதம் குறைவு, இறக்கும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம் குறைவு. ஆக, ஒமைக்ரான் டெல்டாவைவிடச் சாது என்பதில் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அது சராசரிக் கணக்கு. அதே ஆய்வில் வயதுவாரியாகப் பிரித்த அட்டவணையைத் திறந்தால் படம் மாறுகிறது. அறுபதுகளில் இருப்பவர்களுக்கு மருத்துவமனைக்குப் போகும் ஆபத்து டெல்டாவில் இருந்ததில் கால்வாசியாகச் சரிந்தது. 80ஐத் தாண்டியவர்களுக்குப் பாதிதான் குறைந்தது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கோ அநேகமாக எந்த மாற்றமும் இல்லை. ஒரே வைரஸ், தாத்தாவுக்கு ஒரு பலன், அப்பாவுக்கு ஒரு பலன், பேத்திக்கு ஒன்றுமே இல்லை.

குழந்தைகளுக்கு ஏன் அந்தச் சலுகை கிடைக்கவில்லை? ஒமைக்ரான் உடம்பில் எங்கே குடியேறுகிறது என்பதில் பதிலின் ஒரு பகுதி இருக்கிறது. கொரோனா வைரஸின் முள்போன்ற ஸ்பைக் புரதம் மனித செல்லில் ஒட்டியபின் வெட்டப்பட வேண்டும். அப்போதுதான் உள்ளே நுழைய முடியும். டெல்டாவில் வெட்டு விழும் இடத்தின் அருகே ஏற்பட்ட ஒரு மாற்றம் அந்த வேலையைச் சுலபமாக்கியது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதியை அது நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. பக்கத்துப் பக்கத்து நுரையீரல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாக்கவும் செய்தது. ஒமைக்ரான் அந்த நொதியை அவ்வளவாக நம்பியில்லை. செல் தன்னை விழுங்கும் வரை காத்திருந்து, உள்ளே போனபின் வேறு வழியில் திறந்துகொள்கிறது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட மூச்சுக்குழாய்த் திசுவிலும் நுரையீரல் திசுவிலும் இரண்டையும் வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு நாள் முடிவில் மூச்சுக்குழாயில் ஒமைக்ரான் டெல்டாவைப்போல் சுமார் 70 மடங்கு பெருகியிருந்தது. நுரையீரலில் மூல வைரஸோடு ஒப்பிட்டால் அதன் பெருக்கம் பத்து மடங்குக்கு மேல் குறைவு.

நுரையீரலை விட்டு மேலே நகர்ந்தது பெரியவர்களுக்கு நல்ல செய்தி. குழந்தைக்கு அப்படியில்லை. இரண்டு வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. அங்கே கொஞ்சம் வீங்கினாலே காற்று போகும் வழி பாதியாகிவிடும். அதனால்தான் ஒமைக்ரான் வந்த மாதங்களில் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளில் கிரூப் திடீரென அதிகரித்தது. நாய் குரைப்பது போன்ற இருமல், மூச்சை உள்ளிழுக்கும்போது கேட்கும் கீச்சென்ற சத்தம். பெற்றோரை ராத்திரியில் தூக்கிவாரிப்போடும் நோய் அது. டெல்டா காலத்தில் அவ்வளவு கேள்விப்படாதது.

அறிகுறிகளும் இதோடு சேர்ந்து மாறின. பிரிட்டனில் கைபேசிச் செயலி மூலம் திரட்டிய பதிவுகளில், தடுப்பூசி போட்டவர்களில் டெல்டா வந்தவர்கள் பாதிக்கு மேல் வாசனை போய்விட்டது என்றார்கள். ஒமைக்ரானில் அது 17 சதவீதம். தொண்டை வலி 61லிருந்து 71 சதவீதமானது. நம் ஊரில் இதற்கு நடைமுறை விளைவு இருந்தது. 2021இல் வீட்டில் யாராவது 'ரசத்தில் வாசனையே வரலையே' என்று சொன்னால் போதும், தனி அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக்சிமீட்டரில் 94ஆ 92ஆ என்று பார்ப்பதும், நுரையீரல் பாதிப்பைக் காட்டும் சிடி ஸ்கோர் 25க்கு எத்தனை என்று விசாரிப்பதும் அன்றாடப் பேச்சாகியிருந்தன. ஜனவரி 2022இல் அந்த அடையாளங்களை நம்பியிருந்தவர்கள் தொண்டைக் கரகரப்பைச் சளி என்று விட்டுவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனார்கள். அப்புறம் ஊரே இருமியது.

சரி, டெல்டாவுக்குத் திரும்புவோம். 'இந்த முறை சின்ன வயசுக்காரங்கதான் சாகுறாங்க' என்பது 2021 ஏப்ரல், மே மாதங்களில் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. முப்பது, நாற்பது வயதில் போனவர்களின் படங்கள் தினமும் வாட்ஸாப்பில் வந்துகொண்டிருந்தபோது வேறு எப்படி நினைக்க முடியும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய பதிவேட்டைப் பார்த்தால், சேர்க்கப்பட்டவர்களின் சராசரி வயது முதல் அலையில் ஏறக்குறைய 51, இரண்டாவதில் 49. இரண்டு வருடம்தான் இறங்கியிருக்கிறது. அதாவது, நோயாளிகளில் இளைஞர்களின் பங்கு பெரிதாக மாறவில்லை. மாறியது மொத்த எண்ணிக்கை. முதல் அலையின் உச்சத்தில் நாட்டில் ஒரு நாளுக்கு ஒரு லட்சத்துக்குள் இருந்த தொற்று, 2021 மே முதல் வாரத்தில் நான்கு லட்சத்தைத் தாண்டியது. பங்கு அப்படியே இருந்தாலும் மொத்தம் நான்கு மடங்கானால், தெரிந்த முகங்களும் நான்கு மடங்காகும். அந்த மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஊசி தொடங்கியிருந்ததும் அவர்கள் பங்கைக் கொஞ்சம் குறைத்திருக்கும்.

அதற்காக மக்கள் பார்த்தது பிரமை என்று நான் சொல்லவில்லை. அதே பதிவேட்டில் இருபது வயதுக்கு மேற்பட்ட எல்லா வயதிலும் இறப்பு விகிதம் முதல் அலையைவிடக் கூடியிருந்தது. மூச்சுத்திணறலோடு வந்தவர்கள் அதிகம். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் செய்த ஆய்வுகள், டெல்டா வந்தவர் மருத்துவமனைக்குப் போகும் ஆபத்து, அதற்கு முன் அங்கே பரவிய ஆல்ஃபா வகையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்றன. ஆல்ஃபாவே அதற்கு முந்தையதைவிட மோசமானது. ஆனால் நம் இறப்புக் கணக்கில் வைரஸ் மட்டும் இல்லை. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன; அந்த வரிசையில் கழிந்த மணி நேரங்களும் அதே எண்ணுக்குள்தான் இருக்கின்றன. ஆக்சிஜன் கிடைத்திருந்தால் டெல்டாவின் இறப்பு விகிதம் என்னவாக இருந்திருக்கும் என்பதை அந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்க முடியாது.

கருப்புப் பூஞ்சை இதற்கு இன்னும் தெளிவான உதாரணம். 2021 ஜூலைக்குள் இந்தியாவில் 45,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்தது. 4,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கண்ணை இழந்தவர்கள் பலர். டெல்டா பரவிய மற்ற நாடுகளில் இப்படி நடக்கவில்லை. இங்கே கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆக்சிஜன் இறங்குவதற்கு முன்பே, முதல் நாளிலிருந்தே ஸ்டெராய்டு கொடுக்கும் பழக்கமும் இருந்தது. ஸ்டெராய்டு சர்க்கரையை ஏற்றியது, எதிர்ப்பை இறக்கியது, பூஞ்சை மூக்கு வழியாக ஏறியது. வைரஸ் மாறியதால் மட்டும் நோய் மாறவில்லை. அது வந்து விழுந்த உடம்புகளும், அந்த உடம்புகளுக்கு நாம் கொடுத்த மருந்தும் சேர்ந்துதான் அந்த நோயை உண்டாக்கின.

இனி அந்தப் பணக்கார நகரம். 2021 முடியும்போது ஹாங்காங்கில் கொரோனாவால் இறந்தவர்கள் மொத்தமே 213 பேர். 74 லட்சம் மக்கள் நெருக்கியடித்து வாழும் ஊருக்கு அது நம்ப முடியாத சாதனை. எல்லையை மூடி, வந்தவரை எல்லாம் ஓட்டலில் அடைத்து வைத்து, வைரஸை உள்ளே விடாமல் இரண்டு வருடம் தள்ளினார்கள். ஆனால் அந்த வெற்றியே ஊசியின் அவசரத்தைக் குறைத்துவிட்டது. தெருவில் நோய் இல்லாதபோது பக்கவிளைவுப் பயம்தான் பெரிதாகத் தெரியும். ரத்த அழுத்தம் இருக்கிறதே, சர்க்கரை இருக்கிறதே, கொஞ்சம் பொறுப்போம் என்று முதியவர்கள் தள்ளிப்போட்டார்கள், குடும்பத்தாரும் வற்புறுத்தவில்லை. ஒமைக்ரான் வாசலுக்கு வந்தபோது 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் இரண்டு ஊசி போட்டிருந்தார்கள். வயது ஏற ஏற நிலைமை இன்னும் மோசம். முதியோர் இல்லங்களில் ஊசி போடாதவர்களே பெரும்பான்மை.

2022 ஜனவரி 6 முதல் மார்ச் 21 வரை அங்கே 5,906 பேர் இறந்தார்கள். அதில் 96 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள். மே மாதத்துக்குள் எண்ணிக்கை 9,000ஐக் கடந்தது. பிப்ரவரிக் குளிரில் மருத்துவமனைக்கு வெளியே, திறந்தவெளியில், போர்வை சுற்றிய முதியவர்கள் கட்டிலில் படுத்திருந்த படங்கள் உலகமெல்லாம் வந்தன. மக்கள்தொகைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், மார்ச்சில் உலகிலேயே அதிக இறப்பு விகிதம் அங்கேதான். இத்தனையும் செய்தது எந்த வைரஸ்? சாது என்று நாம் கூப்பிட்ட அதே ஒமைக்ரான்.

நியூசிலாந்தும் அதே காலத்தில் கதவைத் திறந்தது. அதுவும் வைரஸை உள்ளே விடாமல் காத்த நாடு. ஏற்கெனவே நோய் வந்து எதிர்ப்புப் பெற்றவர்கள் அங்கும் இல்லை. மார்ச்சில் தினமும் 20,000 பேருக்கு மேல் தொற்று வந்தது. ஆனால் முதியவர்கள் அநேகமாக எல்லோரும் ஊசி போட்டிருந்தார்கள், பலர் பூஸ்டரும் போட்டிருந்தார்கள். ஹாங்காங்கின் இறப்பில் ஒரு சிறு பங்கோடு அந்த அலை முடிந்தது. ஒமைக்ரான் சாதுவா என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஊர்களையும் வைத்து ஒரே பதில் சொல்ல முடியாது.

ஊசி போட்டும் ஏன் எல்லோருக்கும் ஒமைக்ரான் வந்தது என்று கேட்டவர்களுக்கான பதிலும் இங்கேதான். நம் எதிர்ப்புக்கு இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருள், வைரஸ் செல்லுக்குள் போகும் முன்பே அதன் ஸ்பைக்கில் ஒட்டித் தடுக்கும். ஒமைக்ரான் தன் ஸ்பைக்கில் 30க்கு மேற்பட்ட மாற்றங்களோடு வந்ததால் பழைய ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஒட்டவில்லை. டி செல்கள் வேறு மாதிரி வேலை செய்கின்றன. தொற்று ஏற்கெனவே பிடித்த செல், உள்ளே உள்ள வைரஸ் புரதத்தைத் துண்டு துண்டாக வெளியே நீட்டும். டி செல் அந்தத் துண்டுகளைப் பார்த்து அந்தச் செல்லையே அழித்துவிடும். துண்டுகள் வைரஸின் பல பகுதிகளிலிருந்து வருவதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வது வைரஸுக்குக் கடினம். தென்னாப்பிரிக்காவில் அளந்தபோது டி செல் எதிர்வினையில் 70 முதல் 80 சதவீதம் ஒமைக்ரானுக்கும் செல்லுபடியானது. அதனால் தொற்று தடுக்கப்படவில்லை, ஐசியு தடுக்கப்பட்டது.

இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு கணக்கு வாட்ஸாப்பில் சுற்றியது: 'இறந்தவர்களில் அதிகம் பேர் ஊசி போட்டவர்கள்தான்.' ஆயிரம் முதியவர்கள் இருக்கும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். 900 பேர் போட்டிருக்கிறார்கள், 100 பேர் போடவில்லை. போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் இறக்கிறார்கள்: 10 பேர். போட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு: 18 பேர். இறந்த 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள்தான். ஆனால் போடாதவருக்கு ஆபத்து ஐந்து மடங்கு. எல்லோரும் ஊசி போட்டுவிட்டால் இறப்பவர்கள் எல்லோருமே ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

வைரஸ் மாறும்போது எந்த வயதினர் மாட்டுவார்கள் என்பது பிறந்த வருடத்தைப் பொறுத்ததாகவும் இருக்கலாம். இதில் இன்ஃப்ளூயன்சாவைப்போல் விசித்திரமான கிருமி வேறில்லை. 1918 முதல் 1957 வரை உலகில் சுற்றியது எச்1என்1 குடும்பம். 1957இல் எச்2என்2 வந்து அதை முழுக்க விரட்டியது. இருபது வருடம் கழித்து, 1977இல் எச்1என்1 திடீரெனத் திரும்பி வந்தது. நோயில் விழுந்தவர்கள் அநேகமாக எல்லோரும் 26 வயதுக்கு உட்பட்டவர்கள்: பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி விடுதி மாணவர்கள், ராணுவ முகாம்களில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். அதற்கு மூத்தவர்களின் உடம்பு அந்தக் கிருமியைச் சின்ன வயதில் சந்தித்து வைத்திருந்தது. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் பயந்த புது எச்1என்1 வந்தபோதும் இதே கதை. வழக்கமான ஃப்ளூவில் இறப்பவர்களில் பெரும்பாலோர் 65க்கு மேற்பட்டவர்கள். அந்த வருடம் உலகில் இறந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 65க்குக் கீழே. கர்ப்பிணிகள் மிகவும் பாதிக்கப்பட்டார்கள். தாத்தா பாட்டிகள் தப்பித்தார்கள்.

முதல் சந்திப்பு உடம்பில் ஆழமாகப் பதிகிறது என்பதற்கு இன்னொரு சான்று பறவைக் காய்ச்சலில் இருக்கிறது. எச்5என்1, எச்7என்9 இரண்டுமே பறவைகளிடமிருந்து எப்போதாவது மனிதருக்குத் தொற்றுபவை. எச்5என்1இல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் 1968க்குப் பிறகு பிறந்தவர்கள், எச்7என்9இல் அதற்கு முன் பிறந்தவர்கள். 1968இல்தான் எச்3என்2 வந்து, குழந்தைகள் முதன்முதலில் சந்திக்கும் ஃப்ளூ எது என்பதை மாற்றியது. எச்7 அதற்கு உறவு, எச்5 பழைய எச்1, எச்2 பக்கம் உறவு. சிறுவயதில் எந்தப் பக்கத்து உறவினரைப் பார்த்தோமோ, அந்தப் பக்கத்துக்கு எதிராக ஓரளவு காப்பு கிடைத்திருக்கிறது.

பழைய சந்திப்பு எப்போதும் உதவும் என்றும் நினைக்க வேண்டாம். டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. ஒன்று வந்து குணமானவருக்கு இன்னொன்று வரும்போதுதான் பெரும்பாலும் உயிராபத்து. பழைய ஆன்டிபாடி புதிய வகையை அரைகுறையாகப் பிடித்து, அதை அழிக்காமல் செல்லுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கியூபாவில் இது ஒரு சோதனைக்கூடம்போல் வெளிப்பட்டது. 1977இல் அங்கே முதல் வகை டெங்கு தீவு முழுக்கப் பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் குழந்தைகள். அதன்பின் கொசு ஒழிப்பால் தீவில் டெங்கு இல்லாமல் போனது. 1997இல் சாந்தியாகோ நகரத்தில் இரண்டாம் வகை மறுபடி நுழைந்தது. இந்தமுறை ரத்தக்கசிவு வந்தவர்கள், இறந்தவர்கள் எல்லோரும் வயது வந்தவர்கள். 1977இன் கிருமியைப் பார்த்தவர்கள் அவர்கள்தானே! அந்த ஊர்க் குழந்தைகளுக்கு இதுதான் முதல் டெங்கு என்பதால் காய்ச்சலோடு தப்பித்தார்கள்.

வைரஸ் நாளாக நாளாகச் சாதுவாகும், கொன்றுவிட்டால் அதற்கே வாழ இடமில்லையே என்ற வாதத்தைப் படித்தவர்களும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. கொரோனா விஷயத்தில் அது பொருந்தவில்லை. கொரோனா ஒருவரிடமிருந்து பரவும் நாள்கள், அவருக்கு அறிகுறி தோன்றுவதற்குச் சற்று முன்னும் பின்னும்தான். அவர் சாவது இரண்டு, மூன்று வாரம் கழித்து. அதற்குள் வைரஸ் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். அவர் பிழைப்பதும் சாவதும் அதற்கு ஒன்றுதான். வூகான் வைரஸைவிட ஆல்ஃபா, ஆல்ஃபாவைவிட டெல்டா என்று வரிசையாகக் கடுமை கூடித்தான் வந்தது. டெல்டா தணிந்து ஒமைக்ரான் ஆனது என்பதும் தவறு. ஒமைக்ரான் டெல்டாவின் பிள்ளை இல்லை. டெல்டா உலகைப் பிடிப்பதற்கு வெகு முன்பே, 2020இலேயே பிரிந்துபோன வேறு கிளை. அது நுரையீரலை விட்டு மூச்சுக்குழாய்க்கு நகர்ந்தது நமக்கு அடித்த அதிர்ஷ்டம். அடுத்த கிளை வேறு பக்கம் திரும்பலாம்.

சாதுவான வைரஸ் அதிகம் பேரைக் கொல்லவும் முடியும். நூற்றுக்கு ஒருவரைக் கொல்லும் கிருமி பத்தாயிரம் பேரைப் பிடித்தால் நூறு பேர். இருநூற்றுக்கு ஒருவரைக் கொல்லும் கிருமி நாற்பதாயிரம் பேரைப் பிடித்தால் இருநூறு பேர். அமெரிக்காவில் 2022 பிப்ரவரித் தொடக்கத்தில், ஒமைக்ரானால் தினமும் இறந்தவர்களின் எண்ணிக்கை டெல்டா உச்சத்தையும் தாண்டியது இப்படித்தான்.

புதிய வகை ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட முதல் சில வாரங்களில் வரும் செய்திகளை நான் பாதிதான் நம்புவேன். காரணம், எந்த அலையும் முதலில் பிடிப்பது வேலைக்குப் போகிறவர்களையும், விமானம் ஏறுகிறவர்களையும், விருந்துக்குப் போகிறவர்களையும். 2021 நவம்பர் 26 அன்று நார்வேயின் ஆஸ்லோவில் ஒரு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விருந்தில் நூற்றுச் சொச்சம் பேர் கூடினார்கள். அவர்களில் 81 பேருக்கு ஒமைக்ரான் தொற்றியது. அநேகமாக எல்லோரும் ஊசி போட்டவர்கள், சராசரி வயது நாற்பதுக்குள். ஒருவர்கூட மருத்துவமனைக்குப் போகவில்லை. பரவும் வேகத்தைப் பற்றி அந்த விருந்து நிறையச் சொன்னது. கடுமையைப் பற்றி, ஊசி போட்ட நாற்பது வயது நார்வேக்காரருக்கு என்ன ஆகும் என்பதை மட்டுமே சொன்னது. இளைஞர்களிடமிருந்து வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் போக இரண்டு வாரம், அவர்கள் மருத்துவமனையில் சேர இன்னொரு வாரம், இறப்புக் கணக்கில் வர இன்னும் சில வாரம். 'லேசான நோய்தான்' என்று முதல் வாரத்தில் சொல்பவர் இந்த வரிசையின் முதல் படியைத்தான் பார்த்திருக்கிறார்.

எந்த வகை எங்கே சுற்றுகிறது என்று பார்க்க மரபணுப் பகுப்பாய்வு வேண்டும். இந்தியாவில் 2020 டிசம்பரில் பத்து ஆய்வுக்கூடங்களை இணைத்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் தனக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது. டெல்டா அலைக்குப் பிறகு வந்தது, பரவாயில்லை. ஆனால் மரபணுவை மட்டும் படித்து நோய் கடுமையா என்று சொல்லிவிட முடியாது. அந்த வரிசையோடு நோயாளியின் வயது, ஊசி, பழைய தொற்று, ஆக்சிஜன் தேவைப்பட்டதா என்ற விவரமும் சேர வேண்டும். நம்மிடம் பெரும்பாலும் சேருவதில்லை. ஒன்று ஒரு அலுவலகத்தில், மற்றது இன்னொரு அலுவலகத்தில். இங்கிலாந்தின் 15 லட்சம் பேர் ஆய்வு அங்கே முடிந்து இங்கே முடியாததற்குக் காரணம் இயந்திரங்கள் இல்லாதது மட்டும் இல்லை.

2023 இறுதியில் ஜேஎன்.1 வந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒருவரிடம் என்பி.1.8.1, மே மாதம் குஜராத்தில் நான்கு பேரிடம் எல்எஃப்.7 கண்டறியப்பட்டன. செய்தி சேனல்களில் சிவப்பு எழுத்துகள் ஓடின. தொற்று கொஞ்சம் ஏறி இறங்கியது, மருத்துவமனைகள் நிரம்பவில்லை. இந்த எல்லாமே ஒமைக்ரானின் வழித்தோன்றல்கள்தான்; ஆன்டிபாடிக்குத் தப்பி மறுபடி மறுபடி தொற்றத் தெரிந்தவை. ஊசியும் பழைய தொற்றும் மாறி மாறிப் பார்த்துவிட்ட ஊருக்கு அவற்றால் பெரும்பாலும் நாலு நாள் காய்ச்சல்தான்.

இப்போது மருத்துவமனைக்குப் போகிறவர்கள் யார் என்று பார்த்தால், உடம்பில் அந்தப் பழைய நினைவு இல்லாதவர்கள் அல்லது இருந்தும் பயன்படுத்த முடியாதவர்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையில் இருப்பவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், 80ஐத் தாண்டியவர்கள். இன்னொரு கூட்டமும் இருக்கிறது, பலருக்கு நினைவுக்கு வராதது: ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகள். அமெரிக்கக் கணக்குப்படி, ஒமைக்ரானுக்குப் பிந்தைய வருடங்களில் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் அவர்களின் விகிதம் 65 முதல் 74 வயதுவரை உள்ளவர்களோடு போட்டி போடுகிறது. அந்த வயதுக்குத் தடுப்பூசி கிடையாது. கர்ப்ப காலத்தில் தாய் ஊசி போட்டிருந்தாலோ, அண்மையில் தொற்று வந்திருந்தாலோ, நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆன்டிபாடி சில மாதம் காக்கும். நாட்டில் மற்ற எல்லோரும் இந்த வைரஸைப் பலமுறை பார்த்தாயிற்று. ஒவ்வொரு வருடமும் இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் இந்தியாவில் பிறக்கின்றன. அவர்களுக்கு எந்த வகை வந்தாலும் அதுதான் முதல் கொரோனா.